கோப்பின் பெயரில் ஒரு சுழி

அன்று பின்னேரம் நாலு மணிக்குள் ஆறு படங்கள் மின்னஞ்சலில் கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டரை மணியாகியும் ஒன்றுகூடப் போகவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மடிக்கணினியைத் தூக்கி எங்கள் அரியாலை வீட்டுக் கிணற்றுக்குள் போட்டிருப்பேன்.

ஆறும் என் கணவரின் கண் பரிசோதனை அறிக்கைகள். அவர் நல்லூரில் கணித ரியூசன் வகுப்பு நடத்தியவர். இரண்டு வருடமாகக் கருவிழிகளில் வெண்படலம் படர்ந்து, கரும்பலகையில் தான் எழுதியதே தெரியாமல் போக, வகுப்பை விட்டுவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த கண் வைத்தியர் ஒருவர் கொழும்பில் நின்றார். அனுப்பப்படும் அறிக்கைகளை அன்று மாலையே பார்த்து, யார் யாருக்குப் புதுக் கருவிழி பொருத்தலாம் என்று அவர் தெரிவு செய்வார். அவர் மறுபடி எப்போது வருவார் என்று எவருக்கும் தெரியாது.

என் கணவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதைக் கண்டாலும் சிவப்புப் பேனையால் திருத்துவார். கல்யாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், நான் எழுதிவைத்த சாமான் துண்டு, எதுவும் தப்பாது. "நானென்ன உங்கடை ரியூசன் பிள்ளையோ?" என்று எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். கண் மங்கிய பிறகு அந்தப் பேனை என் தையல் மெசின் லாச்சிக்குள் கிடந்தது. வீட்டில் என்னைத் திருத்த ஆளில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய துக்கமாக இருக்கும் என்று நான் முன்பு நினைத்ததேயில்லை.

முதலில் படங்கள் பாரம் கூடிவிட்டன. போனில் எடுத்த ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய் அளவு. இணைக்க இணைக்க, பெரிதாக இருக்கிறது, போகாது என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. நான் தையல் படிப்பிக்கிறவள். துணியென்றால் வெட்டிச் சின்னதாக்குவேன், படத்தை எதனால் வெட்டுவது? பிறகு ஒரு யோசனை வந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் தானாகச் சுருங்கும். ஆறையும் கணவரின் போனுக்கு அனுப்பித் திரும்பக் கணினியில் இறக்கினேன். சுருங்கின, ஆனால் எழுத்துகள் தெளிவாகவே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, கடிதம் எழுதி, இணைத்து அனுப்பினேன். போய்விட்டது. எனக்கு உயிர் வந்தது.

கொழும்பில் அறிக்கைகளைச் சேர்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்குப் போன் எடுத்தேன்.

"ஆன்ட்டி, மெயில் வந்திருக்கு. ஆனா உள்ள படம் ஒண்ணும் இல்லையே," என்றாள்.

"இல்லையோ? நான் ஆறும் போட்டனான் பிள்ளை."

"ஒண்ணுமே இல்ல ஆன்ட்டி. திரும்ப அனுப்பிப் பாருங்க."

திரும்ப அனுப்பினேன். திரும்பவும் வெறும் கடிதம்தான் போயிருந்தது. மூன்றாம் தரம் அனுப்பும்போது ஆறாவது படம் கொஞ்சம் கலங்கலாக இருப்பதுபோல் பட்டது. அதை மட்டும் போனில் திரும்ப எடுத்து, முன்போலச் சுருக்கி, அவசரமாக ஒரு பெயர் வைத்து, பழையதற்குப் பதிலாகச் சேர்த்தேன். மணி மூன்று இருபது.

"ஆன்ட்டி, இந்தத் தடவ ஒண்ணு வந்திருக்கு. ஆறாவது மட்டும்," என்றாள் அந்தப் பிள்ளை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன்.

"இதுக்கு விசர் பிடிச்சிட்டுது. என்னாலை ஏலாதப்பா."

சுவரோரம் வாங்கில் இருந்த கணவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அந்தரப்படாதேயும். ஆறிலை ஒண்டு போயிருக்கெண்டால் அந்த ஒண்டிலை ஏதோ வித்தியாசம் இருக்கு. இருந்து பாரும்."

"எல்லாம் ஒரே படம்தான். ஒரே போன்தான்."

"பேரை வாசியும்."

"ரிப்போட் ஒண்டு, ரிப்போட் ரெண்டு, ரிப்போட் மூண்டு..." ஆறுவரைக்கும் வாசித்தேன்.

"இப்பிடி இல்லை. எழுத்தெழுத்தா வாசியும். ஒண்டும் விடாமல்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் தெரியாத மனிசனோடு சண்டை பிடிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதற் பெயரில் விரலை வைத்தேன். வைத்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

முதல் எழுத்து பிள்ளையார் சுழி. 'உ' போட்டு, ஒரு இடம் விட்டு, அதற்குப் பிறகுதான் ஆங்கிலத்தில் ரிப்போட். ஐந்திலும் அப்படித்தான். அவசரத்தில் பெயர் வைத்த ஆறாவதில் மட்டும் சுழி இல்லை. சீனி, பருப்பு என்று துண்டு எழுதினாலும் தலையில் சுழி போடாமல் என் கை ஓடாது. ஆனால் சுழியை யாராவது வாசிப்பார்களா? எழுதுவோம், வாசிக்கும்போது கண் தாண்டிப் போய்விடும். அதனால்தான் நான் வாசித்தபோது அவருக்கும் பிடிபடவில்லை.

அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். யாரையோ கேட்டுவிட்டு வந்து, "ஓ ஆன்ட்டி, பேர்ல இங்கிலீஷ் எழுத்து இல்லாம வேற எழுத்து இருந்தா எங்க கம்பியூட்டர் படத்தக் கழட்டிருமாம்," என்றாள்.

"கேட்டியளோ? உங்கடை பிள்ளையாரைக் கொழும்பிலை எடுக்கினமில்லையாம்," என்றேன் கணவரிடம்.

அவர் சிரிக்கவில்லை. வகுப்பில் ஒரு கணக்கைக்கூடச் சுழி இல்லாமல் தொடங்காத மனிதர்; கண்ணுக்காக அனுப்புவதில் அதை அழிக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும்தான்.

"பேரிலை வேண்டாம், எடும்," என்றார் கடைசியில். "கடிதத்தின்ரை தலையிலை போடும். அங்கை ஆர் கழட்டுறது?"

ஐந்து பெயர்களிலும் சுழியை எடுத்தேன். கடிதத்தின் தலையில் ஒன்று போட்டேன். அனுப்பும்போது நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. போன் அடித்தது.

"ஆறும் வந்திருச்சு ஆன்ட்டி. எல்லாம் திறக்குது."

மறுநாள் காலையில் பதில் வந்தது. தெரிவானவர்களின் பட்டியலில் அவர் இருந்தார். வலது கண்ணுக்கு அந்தக் கிழமையே சத்திரசிகிச்சை நடந்தது. முகம் தெரியாத எவரோ இறந்தபின் கொடுத்த கருவிழி அது. அதைக் கொடுத்தவருக்காக விளக்கு ஏற்றும்போதெல்லாம் கும்பிடுகிறேன்.

பார்வை உடனே வந்துவிடவில்லை. முதலில் வெளிச்சம், பிறகு ஆட்களின் உருவம், பிறகு நிறங்கள். நாலாம் மாதம் ஒருநாள் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். உள்ளே கணினி திறக்கும் சத்தம் கேட்டது.

"இஞ்சாரும், ஒருக்கால் வாரும்."

போனேன். திரையோடு முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு அன்று நான் அனுப்பிய கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன, என்ரை வயசை முப்பத்தஞ்செண்டு போட்டிருக்கிறீர்? எனக்கு அம்பத்துமூண்டு. அந்த வைத்தியர் என்ன நினைச்சிருப்பார்?"

முந்தியென்றால் பொங்கியிருப்பேன். அன்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். சந்தோசத்தில் அழுதேன்.

"ஏன் நிக்கிறீர்? என்ரை சிவப்புப் பேனை எங்கை?"

கடிதத்தை அச்சடித்து, லாச்சிக்குள் கிடந்த பேனையையும் எடுத்துக் கொடுத்தேன். மை இறுகிப்போயிருந்தது, உள்ளங்கையில் நாலு தரம் கீறிப் பார்த்தார், எழுதியது. வயதை வெட்டித் திருத்தினார். இன்னும் இரண்டு பிழை கண்டுபிடித்தார். பிறகு தாளின் தலையில் இருந்த சுழிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டார்.