ஆஞ்சப்பனின் இரவல் கை

"இந்தக் கார்டோட உறைய நான் கிழிக்கறதுக்குள்ள கம்பெனிக்கே பூட்டு வுழுந்துடும், பாத்துக்க!"

ஓசூர்த் தொழிற்பேட்டையில், கார் பாகங்களுக்காக இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஆலையொன்றில், உலை ஆபரேட்டர் ஆஞ்சப்பன் இவ்வாறு பிரகடனம் செய்தார். கார்டு என்றது, நிர்வாகம் கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டையை. குடும்பத்துக்கே வைத்தியம், ஆள் செத்தால் வீட்டுக்குப் பணம், செலவு முழுக்கக் கம்பெனியுடையது. வேப்பனப்பள்ளி மாந்தோப்பில் வளர்ந்த உடம்புக்கு அது அவமானம் என்பது அவர் கொள்கை. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சட்டைப்பையிலேயே வைத்து, பார்ப்பவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

அட்டையோடு வருடாந்திர இலவசப் பரிசோதனையும் உண்டு. ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் மாத்திரை இலவசம். உலையிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றமும் இலவசம். பேக்கிங்கில் ஓவர்டைம் கிடையாது. நிர்வாகத்தின் இந்தக் கருணையிலிருந்து தப்பிக்க உலைக்காரர்கள் ஒரு முறை கண்டுபிடித்திருந்தார்கள். பிபி உள்ளவன் பெயரில் ஆஞ்சப்பன் போய்க் கையை நீட்டுவார். கரி பூசிய முகம், ஒரே சீருடை, நர்ஸும் வருடத்துக்கொருவர். கூலி, கேன்டீனில் ஒரு போண்டா. ஆக, ஆலையின் பதிவுகளில் உலைப் பகுதி முழுவதற்கும் ஓடியது வேப்பனப்பள்ளி ரத்தம்தான்.

இந்த வருடம் பிபி உள்ள கல்லாவி ஊர்க்காரன் மாதப்பனுக்காகப் போக வேண்டியிருந்தது. காலையிலிருந்தே ஆஞ்சப்பனுக்குப் பின்மண்டை விண்விண்ணென்று தெறித்தது. உலைச் சூடு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பரிசோதனை வேனில் ஏறினார். மாதப்பன் வெளியே நின்றான்.

"பேருங்கண்ணா?" என்றாள் நர்ஸ் ஸ்வாதி.

"மாதப்பன்."

பட்டை கையை இறுக்கியது. ஸ்வாதி கருவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி காற்றடித்தாள்.

"மிஷினு ரிப்பேருங்களாம்மா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. கை மரத்துப் போகுதா?"

இடது விரல்கள் எப்போதோ மரத்திருந்தன. "உலையில நிக்கற கை. அப்படித்தான் இருக்கும்."

"இருநூறத் தாண்டுதுண்ணா. இப்படியே உலைக்குப் போனா மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிரும். ஆம்புலன்ஸ் சொல்றேன், உங்க கார்டக் குடுங்க."

"வெளிய இருக்குது, எடுத்தாறேன்." அவள் போனை எடுத்த சமயத்தில் இறங்கிவிட்டார்.

"எவ்ளோண்ணா?" மாதப்பன் ஓடி வந்தான்.

"இருநூறு."

"ஐயோ, எனக்கா?"

"உனக்குத்தான்டா. எனக்கென்ன கேடு?" என்று ஆஞ்சப்பன் சிரித்தார். சிரிப்பு பாதி வாயில்தான் வந்தது. மறுபாதி தொங்கியது.

மாதப்பன் அவர் தோளைப் பிடித்தான். "அண்ணா, வாய் கோணுதுண்ணா! நான் பேக்கிங்குக்கே போறேன், உள்ள போ. எம் பேர்ல செத்துத் தொலையாத. காப்பீட்டுக் காசு எம் பொண்டாட்டி காவேரிக்குத்தான் வரும், அண்ணிக்கு வராது!"

வாதத்தில் தோற்றறியாத ஆஞ்சப்பன் வேன் பக்கம் திரும்பினார். மாதப்பன் தாங்கிப் பிடிக்க, படியேறினார்.

"கார்டு?" என்றாள் ஸ்வாதி.

சட்டைப்பையிலிருந்து எடுத்தார். இடது கை உறையைப் பிடிக்க மறுத்தது. பல்லால் கடித்துக் கிழித்தார்.

அவள் படித்தாள். "ஆஞ்சப்பன்னு இருக்கு?"

"கை... அந்தாளோடதுங்க," என்றார், குழறிக்கொண்டு.

அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது ஆலைச் சங்கு ஊதியது. கேட் திறந்தது. அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வழக்கம்போல உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.