ஜெசிந்தாவின் மகன் அனுப்பும் நத்தார் மடல்

இன்று டிசம்பர் பதினான்கு. எனக்கு எழுபத்து நான்கு வயதும் மூன்று மாதங்களும்.

எங்கள் தேவாலயப் பங்கின் நத்தார் பண்டிகை விற்பனையில், ரப்பர் முத்திரை குத்திப் பூப்போட்ட தாள் ஒட்டி நான் செய்த வாழ்த்து மடல்களைப் பரப்பியிருந்தேன். முப்பது வருடத் தோழி, ஓலைத்தொடுவாய் ஊர் ஜெசிந்தா, ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

“இது கொழும்பில இருக்கிற என்ர மகன் வருசா வருசம் தன்ர கையால செய்து அனுப்புற டிசைன் எல்லோ! கொப்பி அடிச்சனீங்களே, அக்கா? படிச்ச மனிசி செய்யிற வேலையே இது?”

வாங்க எடுத்த ஒருத்தி மடலைத் திரும்ப வைத்தாள்.

ஜெசிந்தா முகநூலில் இல்லை. இதைப் படிக்கும் உங்களில் யாராவது அவரிடம் போய்ச் சொல்வதானால் தாராளமாகச் சொல்லுங்கள்.

அவருடைய மகன் ஒன்பது வருடங்களாக ஒரு வரிகூட எழுதியதில்லை. அவன் பெயரில் வந்த மடல்கள் அனைத்தையும் நானே செய்து, கொழும்பிலுள்ள என் தங்கையைக் கொண்டு தபாலில் சேர்த்தேன்.