மொக்கராசு சுற்றி ஓட்டிய இடம்

டிராக்டர் ஓட்டும் மொக்கராசு இன்று காலை இறந்துவிட்டான். நெஞ்சு வலிக்கிறது என்றானாம். உத்தமபாளையம் ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது...

நான்கு வருடமாக எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை. காரணம் ஒரு ஆட்காட்டிக் குருவி என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

மாசி பிறந்தால் ஆட்காட்டி என் மானாவாரிக் காட்டில் வெறும் தரையில் முட்டை இடும். கூழாங்கல் போலவே இருக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது. மொக்கராசு மட்டும் குருவி கத்துவதை வைத்தே கண்டுபிடிப்பான். கோடை உழவில் அந்த இடத்தில் ஒரு கட்டில் அளவு விட்டுச் சுற்றி ஓட்டுவான்.

நான் எவரிடமும் பாடம் கேட்காமல் பறவை பார்க்கக் கற்றவன். அந்த வருட மாசியில் முட்டைக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டினேன்.

"குச்சி வேணாம் மாமா. காக்கா வந்து ஒக்காரும். ஒக்காந்தா கீழ பாக்காதா?"

"ஏலே, பைனாகுலர் வச்சிருக்கது நீயா நானா?"

"அது தூரத்துல இருக்கதத்தான மாமா காட்டும்?"

உழவு முடிந்த மறுநாள் முட்டைகள் இல்லை. அவன் வீட்டு வாசலில் நின்று, "கலப்பைய ஏத்திட்டு நல்லவன் மாதிரி நிக்கிறியா?" என்று கத்தினேன். உழவுக்கு வேறு ஆளின் டிராக்டருக்கு மாறினேன்.

அடுத்த மாசியில் மறுபடியும் குச்சி நட்டேன். உழவே தொடங்கவில்லை. காக்கா குச்சியில் உட்கார்ந்தது, கீழே இறங்கியது... என் கண்ணாலேயே பார்த்தேன்.

இதை இன்றுதான் சொல்கிறேன். தப்பு என்னுடையது.

அப்போதும் அவனிடம் போகவில்லை. சின்னவன், அவனே வரட்டும் என்றிருந்தேன். பண்ணைப்புரம் டீக்கடையில் ஒருநாள் என்னைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். நான் நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்தேன்.

நீயும் ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாம், மாப்ள. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இன்று அவன் மனைவி என்னைப் பார்த்ததும் அழுதாள். "இப்பத்தான் வர வழி தெரிஞ்சுச்சா பெரியப்பா? நேத்துகூடக் கேட்டாக... மாமா காட்டுல ஆட்காட்டி எறங்கிருச்சான்னு."

நான் போய் அவன் கால்மாட்டில் நின்றேன்.

மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள்.

இறங்கிவிட்டது, மாப்ள. கிணற்று மேட்டுக்குக் கிழக்கே, மூன்று முட்டை. போய் வா...