டப்பாவில் இருப்பவள்

ஜெர்மனியின் வடக்கே ப்ரெமன் நகரில், லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றில் குடியிருக்கிறேன். என் மேல்வீட்டு அம்மாளுக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வந்த புதிதில், அவர் தண்ணீர் பாட்டில் பெட்டியோடு படியேறுவதைப் பார்த்து உதவக் கை நீட்டினேன். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். உடம்புக்கு எப்படி வயதாகிறது என்று ஆராய்கிறேன் என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில். சட்டென்று பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் உன் எலி இல்லை" என்றார். அன்றிலிருந்து அவரிடமிருந்து ஒரு வணக்கம்கூடக் கிடையாது. இதையே கேரள எல்லையில் எங்கள் ஊரான பாறசாலைப் பக்கம் சொல்லியிருந்தால், எனக்கும் ஒரு டோஸ் கொடு என்று தெருவே வரிசையில் நின்றிருக்கும். இரண்டும் எனக்கு ஒரே எரிச்சல்தான்.

நான் பார்க்கும் வேலை இவ்வளவுதான். உடம்பிலுள்ள செல்கள் பிரிந்து பெருகுகின்றன. சேதம் மிகுந்தால் சில செல்கள் பிரிவதை அடியோடு நிறுத்திவிடும். ஆனால் சாகாது. சும்மாவும் இருக்காது, எதையாவது கக்கிப் பக்கத்துச் செல்களையும் கெடுக்கும். வயது ஏற ஏற இவை சேர்ந்துகொண்டே போகும். இவற்றைக் களைந்தால் கிழ எலிகளின் உடல்நலம் ஓரளவு தேறுகிறது. மனிதருக்கு என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல இன்னும் எங்களால் முடியவில்லை. வேரோடு களைவதும் தப்பாகப் போகலாம், ஏனென்றால் புண் ஆறுவதற்கு இவற்றின் உதவியும் வேண்டும். இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் யாரும் காதில் வாங்குவதில்லை.

போன முறைக்கு முந்தைய விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். ஏற்பாடு செய்தவன் என் தம்பி சஜின். பூவாரில் சுற்றுலாப் படகுகளுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். மலையாளத்தில் பேசினேன். எலி மறுபடி ஓடியது என்றபோது பலத்த கைதட்டல். மனிதருக்குத் தெரியாது என்றபோது பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிட்டார்கள். என்னை வெள்ளைக் கோட்டு மாட்டச் சொல்லி சஜின் படம் எடுத்தான். அக்காவின் பெருமைக்கு என்று நினைத்தேன்.

போன முறை ஊருக்குப் போனபோது, உதியன்குளங்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் முகத்தையே பார்த்தேன். மருந்துக்கடைக் கண்ணாடிக்குள் வரிசையாகப் பத்து டப்பாக்கள், பத்து நான். வெள்ளைக் கோட்டுப் படத்துக்குக் கீழே மலையாளத்திலும் தமிழிலும் 'யௌவனம்' என்று எழுதியிருந்தது. வீட்டுக்குப் போனால் அடுக்களையிலும் ஒரு டப்பா. அம்மா கால் பெருவிரலில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்க மவளுக்க மருந்தாக்கும் மக்கா" என்றாள். "சுகர் குளிகை எல்லாம் நிறுத்தியாச்சு."

"யாரும்மா நிறுத்தச் சொன்னா?"

"உனக்க படம் போட்டிருக்குல்லா? பின்ன எதுக்கு அந்தக் குளிகை?"

துணியை அவிழ்த்தேன். விரல் கறுத்திருந்தது.

சஜின் வாசலில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "அதெ, என்றெ சேச்சியாணு, ஜெர்மனியிலெ சயன்டிஸ்ட்." அந்த அக்கா எதிரே நிற்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"எலே, இதுக்குள்ள என்ன உண்டு?"

"பச்சிலைப் பொடிதான் அக்கா. ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாததை எதுக்கு விக்குதே? எனக்க மூஞ்சிய அதுலேருந்து எடு."

"நீ போட்டுட்டுப் போன மூஞ்சிதானே? இங்க ஒருத்தருக்கும் ஆகாமக் கெடந்தது. நான் எடுத்தேன்."

அவனை அறைந்திருப்பேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெய்யாற்றின்கரையில் ஒரு மருத்துவமனைக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்க, அம்மா பையிலிருந்து பெருமையாக அந்த டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நிங்ஙளல்லே?" என்றார். ஆமாம், படம் என்னுடையது, மருந்து என்னுடையதல்ல என்றேன். அவர் நம்பவில்லை. பெற்ற தாயையே சோதனைக்கு வைத்தீர்களா என்று நர்ஸ்கள் முன்னால் கேட்டார். ப்ரெமனில் நான் எலி தேடி அலைபவள், இங்கே அம்மாவையே எலியாக்கியவள். விரலை எடுத்துவிட்டார்கள்.

தம்பி மேல் புகார் கொடுக்கப் போகிறேன் என்று கட்டிலருகே நின்று சொன்னேன். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அவனைப் பிடிச்சுக் குடுத்துட்டு நீ பிளேன் ஏறிருவே. பின்ன எனக்கு யாரு கஞ்சி வைப்பா? நீ வைப்பியா?"

அவன் மேல் இருந்த கோபம் அப்படியே அம்மா மேல் திரும்பியது. புகார் கொடுக்காமலே விமானம் ஏறினேன். அந்தக் கோபம் இன்றுவரை தீரவில்லை, தீர வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

இப்போது ஒரு ஏற்பாடு. அம்மா ராத்திரிச் சாப்பாடு முடிக்கும் நேரம் இங்கே மதியம் கழிந்திருக்கும். ஆய்வகத்து நடைபாதையில் நின்று வீடியோவில் கூப்பிடுவேன். என் கண் முன்னால் குளிகையைப் போட்டுத் தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டுவாள். நேற்றும் காட்டினாள். நான் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்திலிருந்த டப்பாவை எடுத்து ஒரு கரண்டி பொடியையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, அது எதுக்கு?"

"குளிகை உனக்கு. இது அவனுக்கு. அவனுக்க மனசும் நோவக் கூடாதுல்லா?"

"படிச்சுப் படிச்சுச் சொல்லியாச்சு, அதுல ஒண்ணுமில்லேன்னு. நான் சொல்லுதத நம்பமாட்டியா? அந்தப் படத்தத்தான் நம்புவியா?"

அம்மா டப்பாவைத் திருப்பி என் முகத்தைத் தன் பக்கமாக வைத்தாள். முந்தானையால் அதைத் துடைத்தாள்.

"நீ இப்பம் போனை வச்சிட்டுப் போயிருவே மக்கா. அவ இங்கதானே இருக்கா."

ஆய்வகத்துக்குள்ளேயிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். செல் வளர்க்கும் தட்டுகளை வெப்பப் பெட்டிக்கு வெளியே வைத்துவிட்டு வந்திருந்தேன். வாறேன் அம்மா என்று சொல்லி, போனை வைத்தேன்.