சுண்டிப் பார்க்கும் விரல்

வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஓய்வூதியர் சங்கத்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கனடாவில் மகள் வீட்டிலிருந்த சபாபதி சார் தூக்கத்திலேயே போய்விட்டார். உடனே கைகூப்பும் படங்கள் வந்து விழத் தொடங்கின. "ஒரு டீக்குக் கூட கை நீட்டாத மனுஷன்" என்று பெண்ணாடத்திலிருந்து ஒருவர் எழுதினார். மாலையில் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டம் வெச்சிருக்குது தம்பி. நீங்கதான் தமிழ் நல்லா எழுதுவீங்க. ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க" என்றார். கேட்டதால் எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: சபாபதி சார் விருத்தாசலத்தில் அரசுப் பீங்கான் ஆலையில் சரக்குச் சோதகராக இருந்தவர். என் அம்மா கமலவேணி அதே ஆலையின் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். ஒரு கல்லூரி விடுமுறையில் அம்மாவைப் பார்க்கப் போனபோது, சூளையிலிருந்து இறக்கிய கோப்பைகளைச் சபாபதி சார் சோதித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் பிடியில் தொங்கவிட்டு நகத்தால் ஒரு சுண்டு. மாசு மருவில்லாத ஒரு கோப்பையைக் கழித்துப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "பாக்க அழகாத்தான் இருக்குது. இப்பக் கேளு" என்று மறுபடி சுண்டினார். மற்றவை மணிபோல ஒலித்தன. இது தொண்டை கட்டியதுபோல் முனகியது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல். அன்று அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க் கட்டுரையாகிவிடும்.

ஓய்வு பெற்றபின் அவர் நம் சங்கத்தின் செயலாளரானார். ஓய்வூதியம் வாங்குகிறவர் தாம் உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் சான்று தரவேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள நம் தூதரகத்துக்குப் போய்ச் சான்றில் முத்திரை வாங்கி அனுப்பினால் போதும். விதி அவ்வளவுதான். ஆனால் சங்கத்து வழக்கப்படி அந்தத் தாள்கள் முதலில் செயலாளரிடம் வரும். அவர் சேர்த்துக் கட்டி ஓய்வூதிய அலுவலகத்தில் கொடுப்பார். பிள்ளைகளோடு துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்த பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. அதை மறுக்கவில்லை.

அப்பா இறந்தபின் அம்மாவை நான் வேலை பார்த்த குவைத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். முதல் ஆண்டு சிக்கல் இல்லை. இரண்டாம் ஆண்டு அம்மாவின் ஓய்வூதியம் நின்றுபோனது. சபாபதி சாருக்குப் போன் செய்தேன்.

"சார், அம்மாவோட பேப்பர் வந்துச்சா?"

"வந்துச்சு தம்பி. எம்பசி சீலு கூட இருக்குது."

"அப்புறம் ஏன் சார் நின்னு போச்சு?"

"நான் குடுக்கல. அம்மாவ நான் பாக்கலியே."

விளக்கினார். யாரோ ஒரு குடும்பம், பெரியவர் இறந்ததை மறைத்துச் சான்று அனுப்பிக்கொண்டிருந்ததாம். அவருக்குத் தெரியாமல் அது அவர் கொடுத்த தாள்கட்டிலேயே போயிருந்ததாம். அன்றிலிருந்து ஆளை நேரில் பார்க்காமல் எந்தத் தாளையும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. விதியிலும் இல்லை.

வீடியோவில் அம்மாவைக் காட்டினேன்.

"என்னா சபாபதி சார், என்னத் தெரியலியா? உங்க லீவு லெட்டரெல்லாம் அடிச்சுக் குடுத்தவ நான்தான். பாதி பொய்யி" என்றார் அம்மா.

அவர் சிரித்தார். "தெரியாம என்னம்மா. ஆனா போன்ல எல்லாரும் நல்லாத்தான் தெரியுவாங்க. கையில எடுத்துச் சுண்டுனாத்தான் எனக்குத் திருப்தி. ஒரு நடை வந்துட்டுப் போயிடுங்க."

நேராக அலுவலகத்துக்கு எழுதி வேறு சான்று அனுப்பிக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் மன்றாடினேன். நுரையீரல் பலவீனமாக இருக்கிறது, பயணம் வேண்டாம் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். அம்மா கேட்கவில்லை. "ஊர்ல என்னச் செத்தவங்களோட சேத்து வெச்சிருக்காங்கடா. நான் போயி அந்தாளு முன்னாடி நின்னுட்டுத்தான் வருவேன்." அந்த நிலையில் அம்மா கேட்டது பணத்தையல்ல. முப்பது ஆண்டு உடன் வேலை பார்த்தவர் தன்னை உயிரோடு இருப்பவளாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதைத்தான்.

வேறு வழியின்றிச் சங்கத்துச் செயற்குழுவில் இருந்தவர்களிடமும் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை மேடையேறி அவரை நேர்மையின் சிகரம் என்று சொல்லப்போகிறவரே, உங்களிடமும் பேசினேன். "அவரு செஞ்சா சரியாத்தான் இருக்கும் தம்பி. வந்து காட்டிட்டுப் போனா என்னா கொறஞ்சுடும்?" என்றீர்கள். என்ன குறைந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் அம்மா எங்கள் வீட்டுக்குக்கூட வரவில்லை. ஆட்டோவை அவர் வீட்டுக்கு விடச் சொன்னார். சபாபதி சார் வாசலுக்கு வந்து கைபிடித்து அழைத்துப் போனார். பீங்கான் கோப்பையில் டீ வந்தது. பழைய மேலாளரைப் பற்றி இருவரும் பேசிச் சிரித்தார்கள். நடுவில் அம்மாவுக்கு இரண்டு முறை இருமல் வந்தது.

"சுண்டிப் பாத்தாச்சா சார்? விரிசல் ஏதும் இல்லியே?"

"கிண்ணுனு இருக்கீங்கம்மா" என்றார் அவர்.

அன்றே சட்டையை மாட்டிக்கொண்டு போய்த் தாளைக் கொடுத்துவிட்டு வந்தார். இருமல் மறுநாள் காய்ச்சலானது. அம்மா அந்த வாரத்தைத் தாண்டவில்லை. ஆலையில் எந்தக் கோப்பையின் விரிசலும் அந்த மனிதரின் காதுக்குத் தப்பியதில்லை. என் அம்மா எதிரில் உட்கார்ந்து இருமியது அவருக்குக் கேட்கவில்லை.

எடுக்கும்வரை கூடவே நின்றார். கருமாதியன்று வந்து என் தோளில் கை வைத்தார். "இறப்புச் சான்று வாங்கி ஆபீசுல குடுத்துட்டேன் தம்பி. அம்மா கணக்கு எந்த வில்லங்கமும் இல்லாம முறையா முடிஞ்சுது." எனக்கு உதவி செய்திருப்பதாகவே நினைத்தார். இந்த முறை நேரில் பார்த்துவிட்டீர்கள் அல்லவா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. "நன்றி சார்" என்றேன். அந்த நன்றியை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நான் குவைத்துக்குத் திரும்பவில்லை. தூதரக வேலையெல்லாம் தெரிந்தவன் என்று வெளிநாட்டு உறுப்பினர்களின் தாள்களைச் சங்கம் என்னிடம் கொடுத்தது. சில ஆண்டுகளில் சாரின் மனைவி காலமானார். மகள் அவரைக் கனடாவுக்கு அழைத்துக்கொண்டார். ஒருநாள் தபாலில் அவருடைய உயிர்ச்சான்றே என் கைக்கு வந்தது.

நீங்கள் நினைப்பதை நான் செய்யவில்லை. வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வாரம் அவர் போன் செய்தார்.

"தம்பி, என் பேப்பரு?"

"குடுத்துட்டேன் சார்."

"பாக்காமலா?"

"சீலு இருந்துது சார். போதும்."

"தப்பு தம்பி. வீடியோ போடு. ஒரு தடவ பாத்துக்க."

"தேவயில்ல சார். ரூல்ல இல்ல."

"ரூலுக்குச் சொல்லல. இங்க காலையில எல்லாரும் கெளம்பிப் போயிடுறாங்க. நம்மூரு மொகமா ஒண்ணு..." அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு, "அங்க வெயிலு எப்படி?" என்றார்.

"வெயிலுதான் சார். வெக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு ஆண்டும் சான்று அனுப்பியதும் கூப்பிடுவார். ஒவ்வொரு ஆண்டும் கேட்பார். ஒருமுறையும் நான் கேமராவைத் திறக்கவில்லை. நான் செய்ததில் எந்த விதியையும் காட்டி யாரும் குற்றம் சொல்ல முடியாது. அப்பழுக்கில்லாமல் நடந்துகொண்டே ஒரு மனிதரை வதைக்க முடியும் என்பதை அவரிடம்தான் கற்றேன். கற்றதை அவரிடமே செலுத்தினேன். கடைசியாகப் பேசியபோது அவர் குரல் பழைய ஒலியில் இல்லை. அந்தக் கழித்த கோப்பைபோல முனகியது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. "நல்லா இருக்கீங்களா" என்று நான் கேட்கவில்லை. இதற்காக வருந்துகிறேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அது உண்மையாக இருக்காது.

வெளிநாட்டில் இருக்கும் உறுப்பினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இனி உங்கள் சான்றைச் சங்கத்துக்கு அனுப்பாதீர்கள். தூதரகத்தில் முத்திரை வாங்கியதும் நேராக அலுவலகத்துக்கே அனுப்புங்கள். நல்லவர் யார் கையிலும் கொடுக்காதீர்கள். சபாபதி சார் கட்டி வளர்த்த வழக்கம் அவரோடு போகட்டும். நான் அவருக்குச் செலுத்தும் அஞ்சலி அதுதான்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒன்று உண்டு. பாலக்கரை டீக்கடையில் உட்கார்ந்தாலும் என் விரல் கண்ணாடி கிளாஸைச் சுண்டிப் பார்க்கிறது. எத்தனையோ முறை விட முயன்றேன். சுண்டாமல் குடிக்க முடிவதில்லை. அம்மாவைக் கொன்ற பழக்கம் என் கையிலேயே உயிரோடு இருக்கிறது.

சங்கத்து அறிவிப்புப் பலகைக்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். கையெழுத்தில்லாத தாள் அதில் ஏறக்கூடாது. சாவி என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம், மாலை போட்ட அவர் படத்துக்குப் பக்கத்தில் இதைக் குத்தி வைத்துவிட்டு வந்துவிடுவேன். யார் எழுதியது என்று தொடக்கத்திலேயே உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் கீழே பெயர் இருக்காது, கையெழுத்தும் இருக்காது. இதன் பின்னால் ஓர் ஆள் இருக்கிறானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியவர்கள் நேரில் வந்து சுண்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.