முன் படமும் பின் படமும்

நான் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவள். மனிதர்களைக் காலில் இருந்து பார்த்துத்தான் பழக்கம். முகத்துக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். அதனால் எங்கள் கடைக்கு எதிர்ச்சுவரில் அந்த விளம்பரப் பலகை ஏறிய பிறகும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வைத்தது செருப்பு வாங்க வந்த ஒரு அம்மா. ஒரு காலில் புதுசும் மறு காலில் பழசுமாக நின்றுகொண்டு வெளியே பார்த்தவர், "பாவம், முன்னாடி எப்படி இருந்திருக்கு பாருங்க, பேயறைஞ்ச மாதிரி. இப்ப எவ்வளவு பளிச்சுன்னு ஆயிடுச்சு" என்றார்.

நிமிர்ந்தேன். முகச்சுருக்கம் நீக்கும் ஆபரேஷனுக்கு விளம்பரம். சுவர் உயரத்துக்கு இரண்டு முகங்கள். இடது பக்கத்துக்கு அடியில் 'முன்பு' என்று எழுதியிருந்தது. வலது பக்கத்துக்கு அடியில் 'பின்பு'. இரண்டும் எங்கள் அண்ணி.

பின்பு என்ற படத்தில் அண்ணியின் கழுத்தில் ஒரு பாசிமணி இருந்தது. என் முதல் சம்பளத்தில் நான் வாங்கிக் கொடுத்தது. அது அறுந்து, மணியெல்லாம் கட்டிலுக்கடியில் ஓடி, அண்ணனும் நானும் குனிந்து பொறுக்கிய காலத்தில் எனக்கு முதுகுவலி கிடையாது. முன்பு என்ற படத்தில் இருந்தது போன வருஷத்து அண்ணி. மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம், கண்ணுக்குக் கீழே பை. அறுந்துபோன பாசிமணி எப்படி ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் வந்து ஏறும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவர்கள் அதைச் சுவரிலேயே மாட்டியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு அன்றைக்கு நான் செருப்பு விற்கவில்லை. அளவு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நாத்தனார் என்றால் அண்ணிக்கு எதிராகத்தான் வரிந்துகட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் அது செல்லாது. அண்ணனும் அண்ணியும் மாடியில், நான் கீழே; என் கோபத்தில் பாதி அவருக்காகவே செலவாகிறது, ஏனென்றால் அவருக்குக் கோபப்படத் தெரியாது.

அண்ணி ஒரு தோல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவர். அவர் சேர்ந்தபோது அது ஒரே அறை. படை, சொறி, மரு, தீக்காயம் என்று வருவார்கள். தோல் வியாதிக்காரர்களை யாரும் நேராகப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் வியாதியைத்தான் பார்க்கிறார்கள். அண்ணி கண்ணைப் பார்த்துப் பேர் கேட்பார். முகம் சுளிக்காமல் கையைப் பிடித்து உட்கார வைப்பார். "பாதி வியாதி வாசல்லயே போயிடுதும்மா" என்று பெரிய டாக்டர் சொல்வாராம். பெரியவர் போய்ச் சேர்ந்தார். மகன் சின்ன டாக்டர் வந்தார், கண்ணாடிச் சுவர் வந்தது, ஏசி வந்தது. படையும் சொறியும் இப்போது வாரத்தில் ஒரு நாள், அதுவும் பின்வாசல் வழியாக. மற்ற நாளெல்லாம் சுருக்கம்தான்.

அங்கே பெரியவர் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. சிகிச்சைக்கு முன்னால் ஒவ்வொருவரையும் ஒரு நீலத் துணிக்கு எதிரே முக்காலியில் உட்கார வைத்து, சிரிக்காமல் நேராகப் பார்க்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். எல்லாம் முடிந்து வீக்கம் வடிந்த பிறகு அதே முக்காலி, அதே துணி, அதே வெளிச்சத்தில் இன்னொரு படம். வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, அதற்கு முன் யாராவது ஒருவர் அந்த முக்காலியில் உட்கார வேண்டும். அந்த யாராவது எப்போதும் அண்ணிதான். ஓடிப்போய் உட்காருவார், ஒரு படம் எடுப்பார்கள், எழுந்து ஓடிவந்து போன் எடுப்பார். அந்தப் படங்களை யாரும் தூக்கிப் போடவில்லை; பழைய பிலிம் படங்களைக்கூடப் பிற்பாடு கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். ஆக, அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டருக்குள் எங்கள் அண்ணி முக்காலியில் உட்கார்ந்தபடியே வயசாகிக்கொண்டு வந்திருக்கிறார். அது அவருக்கே தெரியாது.

விளம்பரத்துக்குப் படம் தர உண்மையான நோயாளி யாரும் சம்மதிக்கவில்லை. யார் சம்மதிப்பார்கள்? கம்ப்யூட்டரைத் துழாவிய மேனேஜருக்கு ஒரே ஆளின் இரண்டு படம் அகப்பட்டது. டிசைன் செய்தவர் தெரியாமல் மாற்றி வைத்துவிட்டார், தவறு நடந்துவிட்டது என்பது பிற்பாடு மேனேஜர் சொன்ன கதை. இரண்டு இடது கால் செருப்பை ஒரே பெட்டியில் வைப்பதற்குப் பெயர் தவறு. இதற்குப் பெயர் வேறு.

அன்று மாலை கடையில் இருந்து நேராக மாடிக்கு ஏறினேன். அண்ணி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது.

"வர்றவங்கல்லாம் என்னைப் பாத்துட்டு போன்ல போர்டைக் காட்டி, ஏங்க, திரும்பப் பழசாயிடுமான்னு கேக்குறாங்க" என்றார், ஒரு தலையணை உறையை நீவியபடி.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டோக்கன் நம்பர் சொன்னேன்."

சின்ன டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். எனக்கு இன்னும் புத்தி வரவில்லை.

"அக்கா, போர்டைப் பாத்து தினம் போன் வருது. ஆனா வர்றவங்க உங்களைப் பாத்ததும் யோசிக்கிறாங்க. நம்ம ஆஸ்பத்திரிதானே, உங்களுக்கு இலவசமா பண்ணிடலாம். கண்ணுக்குக் கீழ, கன்னம், கழுத்து. அந்தப் படம் மாதிரியே கொண்டுவந்துடலாம். போர்டை மாத்துறதைவிட இது சுலபம்" என்றாராம் அவர். விருப்பமில்லையென்றால் பரவாயில்லை, மேலே மருந்து வைக்கும் அறையில் வேலை இருக்கிறது, அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து அண்ணியின் மேசைக்கடியில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்த பையன் அவர். முதல் பல் விழுந்தபோது அதை அண்ணி கையில்தான் கொடுத்தார். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். இது முகத்திலேயே பாய்ந்துவிட்டது. பொய் சொன்னது அவர்கள். அந்தப் பொய்யை உண்மையாக்க அறுத்துக்கொள்ள வேண்டியது இவர். குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம்.

நான் கத்தி முடித்தேன். அண்ணி எழுந்துபோய்ச் சுவர்க் கண்ணாடி முன் நின்றார். இரண்டு விரலால் காதோரத் தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்லாருக்கா?"

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அண்ணி, உங்களுக்கே ஆசை இருக்கா?"

"இல்லைன்னு சொன்னா பொய். அம்பத்தாறு வயசாகுது. ஜவுளிக்கடைக் கண்ணாடியில யாரோ கிழவி வர்றாளேன்னு வழி விட்டேன், பாத்தா நான்தான். நீ தலைக்குச் சாயம் அடிக்கிற, அதை நான் ஏன்னு கேட்டேனா?"

"சாயத்துக்கு மயக்க மருந்து வேண்டாமே."

"கண்ணிமை தொங்கி, பிளாஸ்திரி போட்டுத் தூக்கி ஒட்டிக்கிட்டு ஒருத்தர் பேப்பர் படிச்சிட்டிருந்தார். அவருக்குப் பண்ணாங்க. அழுதுட்டார் மனுஷன். அது தப்பா? தீக்காயம் பட்ட பொண்ணு வந்தா, அது தப்பா? எங்கடி கோடு போடுவ?"

கோபம் இருக்கும் இடத்தில் எப்போதும் பதில் இருப்பதில்லை.

அண்ணன் லிப்ட் பழுது பார்க்கிறவன். கையில் கிரீஸோடு வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் இஷ்டம். எனக்கு எப்படியிருந்தாலும் சரி" என்றான். 'உன் இஷ்டம்' என்பதைப் போல வசதியான சொல் உலகத்தில் இல்லை. பாரத்தை மொத்தமாக அடுத்தவர் தலையில் ஏற்றிவிட்டு நல்ல பேரோடு சாப்பிடப் போகலாம். அவனையும் இரண்டு வார்த்தை கேட்டேன். "செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்டிக்கச் சொல்றாங்க, நீ இஷ்டம்ங்கிற. நான் செருப்பு விக்கிறவ. இதுவரைக்கும் யாரையும் அப்படி வெட்டிக்கச் சொன்னதில்ல." அவன் கை கழுவப் போய்விட்டான்.

அடுத்த வாரம் முழுவதும் அண்ணியிடம் அங்கே யாரும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. மேனேஜர் மட்டும் காலையில், "முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போவாராம். மருந்து அறையில் ஒரு நாற்காலியும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். அண்ணி சம்மதித்துவிட்டார். ஆசையும் கொஞ்சம், பயமும் கொஞ்சம், எது எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை. ஜன்னல் இல்லாத அறையில் மனிதர்களைப் பார்க்காமல் உட்கார முடியாது என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷன் அன்று காலையில் நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் துணைக்குப் போனேன். அண்ணி வெறும் வயிற்றோடு, நகையெல்லாம் கழற்றிவிட்டு, நோயாளிகள் உட்காரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மேசையில் வேறொரு பெண் இருந்தாள். டோக்கன் கொடுக்கும்போது அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற டீச்சர், அறுபது தாண்டியிருக்கும். பழக்கதோஷம், நான் முதலில் காலைத்தான் பார்த்தேன். புதுச் செருப்பு. அவர் அண்ணியைப் பார்த்தார், போனில் எதையோ எடுத்துப் பார்த்தார், மறுபடி அண்ணியைப் பார்த்தார். போனில் இருந்தது அந்தப் பலகையின் படம்.

"கோவிச்சுக்காதீங்க. இது நீங்கதானே?"

அண்ணி தலையசைத்தார்.

"உங்களைப் பாத்துத்தான் வந்தேன். வேலைய விட்டதுலேர்ந்து கண்ணாடி பாக்கவே பிடிக்கல. வீட்ல வேண்டாம்ங்கிறாங்க. சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்" என்றார் டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரொம்ப வலிச்சுதா? அப்புறம் ஏன் மறுபடி இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்டார்.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். இந்த ஆட்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் மட்டும் காது நன்றாகக் கேட்கும். "மேடம் பண்ணி ரொம்ப வருஷமாச்சுங்க. இன்னைக்கு ஒரு சின்ன டச்சப், அவ்வளவுதான். இல்ல மேடம்?" என்று அண்ணியைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அண்ணி என் முழங்காலில் கை வைத்து அழுத்தினார். பிறகு, வியாதிக்காரர்களிடம் பேர் கேட்பதுபோலவே, டீச்சரின் கண்ணைப் பார்த்தார்.

"ரெண்டும் நான்தாங்க. ஆனா படத்தை மாத்திப் போட்டுட்டாங்க. இந்தப் பாசிமணி போட்டிருக்கிறது நான் இங்க சேந்த புதுசுல எடுத்தது. அந்த இன்னொண்ணு போன வருஷம் எடுத்தது. நடுவுல எனக்கு யாரும் ஒண்ணும் பண்ணல. நான் இங்க உக்காந்து வேலை பாத்தேன், அவ்வளவுதான்."

காத்திருந்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தார்கள். மேனேஜர், "மேடம், உள்ள வாங்க, பேசிக்கலாம்" என்றார்.

"உள்ள வரல தம்பி. எனக்கே வேணும்னு தோணினா ஒருநாள் நானே வந்து படுப்பேன். உங்க போர்டுக்காகப் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணி எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு போனார். அங்கிருந்த பெண் தானாக எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். அண்ணி உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அடுத்த டோக்கன் டீச்சருடையது. அவர் மேசை முன்னால் வந்து நின்றார்.

"நான் உள்ள போகட்டுமா, வேண்டாமா?"

"உங்களுக்கு வேணும்னா போங்க. தப்பே இல்ல. என் படத்தைப் பாத்துப் போகாதீங்க."

டீச்சர் டோக்கனை மேசையில் வைத்தார். பிறகு, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தாரா என்று எனக்குத் தெரியாது.

அண்ணியை நாளை முதல் வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல ஆசைதான், வாய் வரவில்லை. சின்ன டாக்டர் இப்போது பின்வாசல் வழியாக, படை சொறிக்காரர்களோடு வந்து போகிறார். அண்ணியை மேலே அனுப்ப வழி தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். தேடட்டும்.

பலகையை இறக்க ஆட்கள் வந்தபோது நான் கடையைப் போட்டுவிட்டு ஓடினேன். "அந்த பிளெக்ஸை என்ன பண்ணுவீங்க?" என்றேன். "குப்பைதான்" என்றார்கள். எங்கள் அண்ணியைக் குப்பையில் போடுவார்களாம். சுருட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல கெட்டி பிளெக்ஸ், மழை தாங்கும். அண்ணன் அதை இரண்டாக வெட்டி, பாசிமணி முகம் வெளியே தெரிகிற மாதிரி மேலே போட்டு, வாசலில் நிற்கும் தன் வண்டியை மூடினான். முன்பு என்ற படம் அடியில் போய்விட்டது.

மாடியில் இருந்து பார்த்த அண்ணி இறங்கிவந்தார். மேலே கிடந்த பாசிமணிப் படத்தை உருவி எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார். அடியில் இருந்ததைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, நான்கு மூலையிலும் கல் வைத்தார்.

"இது என் வீட்டு வாசல். இங்க இப்ப இருக்கிற மூஞ்சிதான் இருக்கணும்" என்றார்.