மாஸ்டரின் இடது கை

அடுப்படி மேடையை ஒற்றை விரலால் தொட்டுக்கொண்டு, இடது காலைத் தூக்கி, வலது காலில் மட்டும் நிற்கிறார் மாஸ்டர். கண் எதிர்ச் சுவரில். வலது கை விரல்கள் மட்டும், கையில் இல்லாத ஒரு கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. சலூன்காரருக்கு முட்டியை மாற்றலாம், விரலின் பழக்கத்தை மாற்ற முடியுமா? பக்கத்தில் வெங்காயம் நறுக்கும் மனைவிக்குக் கவனமெல்லாம் அவர் காலில்தான். "ஆடுதுங்க!" என்பாள். "ஆடலம்மா, காத்து" என்பார். ஜன்னல் சாத்தியிருக்கும்.

ஆபரேஷன் செய்து வலது காலுக்குப் புது முட்டி வைத்து மூன்று மாதமாகிறது. நடக்கிறார், மாடி ஏறுகிறார், வாய்க்கும் ஓய்வில்லை. அசையாமல் நிற்பதுதான் பாடாய்ப் படுத்துகிறது. தலையணை மேல் ஏறி நிற்பது, கண்ணை மூடிக்கொண்டு நிற்பது, ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து ஒரே கோட்டில் நடப்பது என்று பயிற்சிகள். "போலீஸ்காரன் பாத்தா, குடிச்சிருக்கான்னு புடிச்சிட்டுப் போயிடுவான்" என்று அவரே சொல்லி அவரே சிரிப்பார்.

முதல் வாரத்தில், பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிப் பெண் குனிந்து உட்கார்ந்து அவர் பாதத்தைத் திருப்பி வைத்தபோது தடுமாறிவிட்டார். இடது கை தானாக அவள் உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. அதோடு விட்டதா? தலையைப் பக்குவமாக ஒரு பக்கம் சாய்த்து, "அப்படியே இரும்மா" என்றும் சொல்லிவிட்டார். மனைவி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்: "ஐயா, கடையிலயும் இப்படித்தான் சாஞ்சுக்குவீங்களா?"

அந்தப் பெண் போன பிறகுதான் மாஸ்டர் மனைவியிடம் சொன்னார். "கரெக்டா புடிச்சிட்டா. முட்டி வலிச்ச காலம் பூரா, வந்தவங்க தலையிலதான் என் பாரத்த எறக்கி வெச்சிருக்கேன். அவங்க என்னடான்னா, 'மாஸ்டர் கை வெச்சாலே தூக்கம் வருது'ங்கறாங்க. பாவம்."

முடி வெட்டும்போது சாயலாம். சவரத்தில் அது நடக்காது. இடது கை தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், பாரம் முழுக்கக் காலில் நிற்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் ஒருநாள், ஒருவரின் தொண்டைக்கு மேல் கத்தி இருக்கும்போது முட்டி மடங்கப் பார்த்தது. "பிளேடு மொக்கையா இருக்கு சார்" என்று சமாளித்து, மிஷினால் முடித்து அனுப்பினார். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று கழுவி வைத்த கத்தியை அவர் இன்றுவரை தொடவில்லை. கடையைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் தம்பி, "நீங்க சும்மா வந்து கல்லாவுல உக்காருங்க மாமா, அது போதும்" என்கிறான். நல்ல பையன்தான். அந்தப் 'போதும்'தான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை.

அதனால் தினமும் காலையில் மனைவி நாற்காலியில் உட்காருகிறாள். அவள் தலையில் முதலில் உள்ளங்கை, அப்புறம் விரல்கள், அப்புறம் ஒன்றுமில்லை, அதுதான் பயிற்சி. "என் தலை என்ன பஸ்ஸுக் கம்பியா?" என்று கேட்டுக்கொண்டேதான் உட்காருவாள். "இன்னிக்குக் கனக்குது" என்பாள் ஒருநாள். "இன்னிக்குப் பரவால்ல" என்பாள் இன்னொரு நாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

நேற்றுக் காலை நாற்காலியைப் போட்டவள், கத்தியையும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். புது பிளேடு மாட்டியிருந்தது.

"பிடரில பூனமுடி மண்டிக் கெடக்கு. எடுத்துவிடுங்க."

"வேணாம்மா. கால் ஆடுச்சுன்னா?"

"ஆடினா என் கழுத்துதானே? ஊரான் கழுத்தா?"

கூந்தலை உச்சியில் தூக்கி முடிந்துகொண்டு குனிந்தாள். வீராப்பெல்லாம் வாயோடு சரி. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடரியில் சோப்பு நுரை ஜில்லென்று பரவியது. குனிந்த தலைக்குத் தரையும், பக்கத்தில் நின்ற அவர் பாதங்களும்தான் தெரிந்தன. கால் விரல்கள் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன.

இரண்டு விரல் நுனிகள் வந்து தோலை லேசாக இழுத்தன. பாரமே இல்லை. கத்தி மெல்லக் கீழிறங்கியது. ஒரு முறை, இன்னொரு முறை.

அவள் நாற்காலியின் பிடியை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.